வீடுகளோடு வளர்ந்த நாடு

1961ஆம் ஆண்டு மே 25ஆம் தேதி சிங்கப்பூரின் புக்கிட் ஹோ சுவீ கம்பத்தில் பெருந்தீ மூண்டது. அத்தாப்புக் கூரை வேய்ந்த பலகை வீடுகள் நெருக்கமாக இருந்ததால் தீ விரைவாகப் பரவியது. ஏறத்தாழ 16,000 பேர் வீடிழந்தனர். வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் அமைக்கப்பட்டு அப்போது ஓராண்டுதான் ஆகியிருந்தது. எரிந்துபோன இடத்திலேயே அடுக்குமாடி வீடுகளைக் கட்டத் தொடங்கிய கழகம், ஓராண்டுக்குள் முதல் வீடுகளை முடித்துக் கொடுத்தது.

அந்நாளில் சிங்கப்பூரில் வீடுகளுக்கு மட்டுமன்றி வேலைகளுக்கும் தட்டுப்பாடு இருந்தது. ஒரு கட்டடம் எழும்போது கொத்தனார் மட்டும் பயன் அடைவதில்லை. மணல் அள்ளுபவர், செங்கல் சுடுபவர், லாரி ஓட்டுநர், தச்சர், குழாய் பொருத்துபவர் எனப் பலருக்கும் வேலை கிடைக்கிறது. அவர்கள் பெறும் கூலி பக்கத்து மளிகைக் கடைக்கும் காப்பிக் கடைக்கும் போய்ச் சேர்கிறது. வளரும் நாடுகள் பல கட்டுமானத் துறையை நம்புவதற்கு இதுவே காரணம்.

ஆனால், இந்த வேலையெல்லாம் கட்டி முடிக்கும்வரைதான். குடியேற ஆளில்லாமல் நிற்கும் கட்டடம் கடனை மட்டுமே மிச்சம் வைக்கும். அப்படித் திணறும் நகரங்கள் உலகில் உண்டு.

சிங்கப்பூர் இச்சிக்கலில் மாட்டாததற்கு முக்கியக் காரணம், வீடுகளோடு தொழிற்சாலைகளையும் சேர்த்துத் திட்டமிட்டதாகும். குவீன்ஸ்டவுன், தோ பாயோ போன்ற நகர்களில் குடியிருப்புகளுக்கு அருகிலேயே, புகை அதிகம் வராத தொழிற்சாலைகளுக்கு இடம் ஒதுக்கப்பட்டது. நடந்தே போய்வர முடிந்ததால், அதுவரை வெளியில் வேலை பார்க்காத பெண்கள் பலரும் சம்பளம் வாங்கத் தொடங்கினர்.

பணம் எங்கிருந்து வந்தது? 1964இல் வீடுகளை விற்கும் திட்டம் தொடங்கியபோது, முன்பணம் கட்டப் பலரிடம் சேமிப்பு இல்லை. 1968இல் மத்திய சேமநிதியைக் கொண்டு வீடு வாங்க அரசாங்கம் அனுமதித்தது. ஊழியரும் முதலாளியும் மாதந்தோறும் செலுத்திய அந்தத் தொகை, அரசாங்கக் கடன்பத்திரங்களில் முதலீடு செய்யப்பட்டது. அரசாங்கம் கழகத்திற்குக் கடன் கொடுத்தது. கழகம் கட்டிய வீட்டை அதே ஊழியர் தம் சேமநிதியைக் கொண்டு வாங்கினார். வேலை இருக்கும்வரை இந்தச் சுழற்சி தடைபடவில்லை.

இதற்கு விலை கொடுத்தவர்களும் இருந்தார்கள். வீடுகள் கட்ட நிலம் வேண்டும். 1966ஆம் ஆண்டின் நில எடுப்புச் சட்டம், பொதுத் தேவைக்காக நிலத்தைப் பெறும் அதிகாரத்தை அரசாங்கத்திற்கு வழங்கியது. அதற்கு முன்பே தோ பாயோவில் குடியிருந்தவர்கள் இடம்பெயர மறுத்ததால் அங்குப் பணிகள் தாமதமாயின. கம்பத்தை விட்டு வந்த குடும்பங்களுக்கு இழப்பீடும் மாற்று வீடும் கிடைத்தன. குழாய்த் தண்ணீரும் மின்சாரமும் வீட்டுக்குள்ளேயே வந்தன. ஆனால், பன்றியும் கோழியும் வளர்த்து, கீரை விற்றுப் பிழைத்தவர்களால் பத்தாவது மாடியில் அத்தொழிலைச் செய்ய முடியவில்லை. மாதம் பிறந்தால் வாடகையும் மின்கட்டணமும் கட்ட வேண்டியிருந்தது. பிள்ளைகள் தொழிற்சாலைக்குப் போனார்கள். வயது முதிர்ந்த விவசாயிக்கோ புதிய தொழில் ஒன்றைக் கற்பது எளிதாக இருக்கவில்லை.