வளையலைக் கழற்றுங்கள், ஸ்பேனரை எடுங்கள்!

"காருக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்? அது ஆம்பிளைங்க சமாச்சாரம்" என்று போன ஐப்பசி வரை நானும் சொல்லிக் கொண்டிருந்தவள்தான்.

பிரசவத்துக்கு வந்திருந்த என் மகளுக்கு நடுநிசியில் வலி கண்டுவிட்டது. எங்கள் பழைய மாருதி 800-இல் சாவியைத் திருகினால் 'டக்'கென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். பானெட்டைத் திறந்தால், பேட்டரியின் இரண்டு முனைகளிலும் பொடிப் பொடியாய் வெள்ளைப் பூப்பு. என் கணவர் அதைக் கழற்றித் துடைக்கப் பார்த்தார். வீட்டில் இருந்த நீள ஸ்பேனர் அந்த இடுக்கில் திரும்பவே இல்லை. கட்டிங் பிளேயரால் பிடித்துத் திருகியதில் நட்டின் முனைகள் மழுங்கியதுதான் மிச்சம். "என்னங்க, அதை விடுங்க" என்று நான் 108-க்குப் போன் செய்தேன். ஆம்புலன்ஸ் வந்தது. விடியற்காலையில் பேரன் பிறந்தான். ஆனாலும் வாசலில் நின்ற அந்த நேரத்தை நினைத்தால் இன்றைக்கும் வயிறு கலங்குகிறது.

மறுநாள் வந்த மெக்கானிக் தம்பி, மழுங்கிய நட்டை மாற்றிவிட்டு, சட்டைப் பையிலிருந்து விரல் நீளத்தில் ஒரு ஸ்பேனரை எடுத்தார். "இதுதான்கா இந்த இடத்துக்கு" என்றார். பத்தாம் நம்பர். நம்பர் என்பது வேறொன்றுமில்லை, நட்டின் எதிரெதிர்ப் பக்கங்களுக்கு நடுவே உள்ள அகலம், மில்லிமீட்டரில். எங்கள் வண்டிக்குப் பத்து; உங்கள் வண்டிக்கு எது என்று முன்னாலேயே பார்த்து வைத்துக் கொள்ளுங்கள்.

"இவ்வளவு சின்னதில் பலம் வருமா?" என்று கேட்டேன். பேட்டரி முனை ஈயம். ஈயம் மெதுவான உலோகம். நீளப் பிடியால் இறுக்கினால் முனையே கெட்டுவிடுமாம். அங்கே குட்டைப் பிடிதான் நல்லது.

இன்னொன்றும் காட்டினார். திறந்த வாய் ஸ்பேனரின் தலை கொஞ்சம் கோணலாக இருக்கும். செய்த குறை என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். அது வேண்டுமென்றே வைத்த 15 டிகிரி சாய்வு. நட்டுக்கு ஆறு பக்கம். நேர்த் தலையாக இருந்தால் அடுத்த பிடி கிடைக்க 60 டிகிரி திருப்ப வேண்டும். சாய்ந்த தலையில் ஒரு முறை திருகிவிட்டு, ஸ்பேனரைப் புரட்டிப் போட்டால் பாதி தூரமே போதும். தோசை திருப்புகிற மாதிரி, திருகு, புரட்டு, திருகு, புரட்டு!

எங்கள் போளூர், ஆரணிப் பக்கம் பட்டுத் தறி வீடுகளில் அச்சுப் பல்லில் இழை கோக்க மெல்லிய கொக்கியைத்தான் எடுப்பார்கள். பெரிய கருவி அங்கே நுழையாது. அதே கதைதான் இதுவும்.

அந்தப் பூப்பு என்ன செய்கிறது? உப்புப் படிந்த குழாயில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் வரும், குடம் நிறையாது. அதுபோல விளக்கு எரியும் அளவுக்கு மின்சாரம் போகும். எஞ்சினைச் சுழற்றும் அளவுக்குப் போகாது.

இதை நாமே சுத்தம் செய்யலாம். ஆனால் முறை தவறக்கூடாது.

1. வளையல், மோதிரம், வாட்ச் எல்லாவற்றையும் முதலில் கழற்றுங்கள். தாலிச் சங்கிலியை உள்ளே விட்டுக் கொள்ளுங்கள். உலோகம் இரண்டு முனைக்கும் நடுவே பட்டால் நொடியில் பழுக்கக் காய்ந்து தோலைச் சுட்டுவிடும்.

2. நல்ல புடவை வேண்டாம். உள்ளே இருப்பது கந்தக அமிலம். துணியில் ஓட்டை விழும். கையுறையும் கண்ணாடியும் போடுங்கள். கண்ணில் பட்டால் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவிக்கொண்டே உடனே டாக்டரிடம் போக வேண்டும்.

3. சாவியை எடுத்துவிடுங்கள். பக்கத்தில் நெருப்பு கூடாது. பேட்டரியிலிருந்து தீப்பிடிக்கும் வாயு வரும்.

4. கழற்றும்போது கழித்தல் குறி போட்ட முனை முதலில். மாட்டும்போது அது கடைசியில். இப்படிச் செய்தால் ஸ்பேனர் வண்டித் தகட்டில் இடித்தாலும் பொறி பறக்காது.

5. வெந்நீரில் ஆப்பச் சோடா கலந்து, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேயுங்கள். பேட்டரி மூடிக்குள் ஒரு துளியும் போகக்கூடாது. துடைத்துக் காயவைத்து, மாட்டியபின் மேலே வாசலைன் தடவுங்கள்.

மின்சாரக் கார் வைத்திருப்பவர்கள் ஆரஞ்சு நிற வயர் பக்கமே போக வேண்டாம். அவசரம் என்றால் எந்த வண்டியானாலும் பழுது பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள். முதலில் 108.

பேரனுக்குப் பத்தாவது வாரத் தடுப்பூசி போடக் கிளம்பிய அன்று மறுபடியும் 'டக்'. கணவர் ஊரில் இல்லை. மருமகன் வண்டியைத் தள்ளலாமா என்று யோசித்துக் கொண்டிருந்தார். நான் வளையலைக் கழற்றி மகளிடம் கொடுத்துவிட்டு இறங்கினேன். கறுப்பு வயர்தான் தளர்ந்திருந்தது. திருகு, புரட்டு, திருகு, புரட்டு. வண்டி கிளம்பிவிட்டது!

"அத்தை, இதெல்லாம் எப்போ கத்துக்கிட்டீங்க?" என்றார் மருமகன்.

"உங்க பிள்ளை பிறந்த அன்னிக்குத்தான் மாப்பிள்ளை" என்றேன்.

அந்தக் குட்டி ஸ்பேனர் இப்போது கார் சாவி மாட்டும் ஆணியிலேயே தொங்குகிறது.