மலை சரியப் போகிறதாம்!

அடைமழைக் காலம். இரவு பத்து மணி. ஓப்பநாயக்கவில் உங்கள் வீட்டுக்குப் பின்னால் மண்மேடு. கைத்தொலைபேசியில் ஒரு செய்தி வருகிறது: "மலை சரியப் போகிறது, உடனே வெளியேறுங்கள், எல்லோருக்கும் அனுப்புங்கள்." சகோதரியே, தூங்கும் பிள்ளைகளை எழுப்புவீர்களா, பேசாமல் படுத்துக்கொள்வீர்களா?

பொய்யென்று சும்மா இருந்துவிடவும் முடியாது. 2016 மே 17ஆம் திகதி அரநாயக்கவில் மலை சரிந்து கிராமங்களையே மூடியது. மறு வருடம் மே மாத வெள்ளத்திலும் மண்சரிவிலும் நாட்டில் 200க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். நமது இரத்தினபுரி மாவட்டத்துக்கும் பேரிழப்பு.

வந்ததையெல்லாம் நம்பினால் என்னவாகும் என்பதற்கு அம்பாறையைப் பாருங்கள். 2018 பெப்ரவரியில் அங்கே ஒரு முஸ்லிம் உணவகத்தில், சாப்பாட்டில் கிடந்த கட்டியை மலட்டு மாத்திரை என்றார்கள். கடைக்காரர் அதை ஒப்புக்கொள்வதுபோல ஒரு வீடியோ பேஸ்புக்கில் பரவியது. கூட்டம் சூழ்ந்து நின்று, அவருக்குச் சரியாக விளங்காத சிங்களத்தில் கேட்ட கேள்விக்கு வந்த பதில் அது. வீடியோ பார்த்தவருக்கு அது எப்படித் தெரியும்? கடையும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. பிறகு அரச பகுப்பாய்வாளர் பரிசோதித்தபோது அது வெறும் மாவுக்கட்டி! ஒருவரை நிரந்தரமாக மலடாக்கும் மாத்திரை மருத்துவத்திலேயே கிடையாது. ஒரு வைத்தியரிடம் கேட்டிருந்தால் போதும்.

இரண்டு செய்திகளையும் ஒரே தராசில் நிறுக்காதீர்கள். மண்சரிவுச் செய்தி பொய்யானால் ஓர் இரவுத் தூக்கம் போகும். ஒரு மனிதரைப் பற்றிய செய்தி பொய்யானால் அவருடைய கடையும் மானமும் போகும். அதற்கு ஆதாரம் அதிகமாகவே கேளுங்கள். கிடைக்காவிட்டால் அடுத்தவருக்கு அனுப்பாதீர்கள்.

மண்சரிவுச் செய்தியைச் சோதிப்பது சுலபம். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் விடுக்கும் எச்சரிக்கையில் எந்தப் பிரதேச செயலகப் பிரிவு, எத்தனையாம் கட்டம், எந்த நேரம் முதல் எந்த நேரம் வரை என்பதெல்லாம் இருக்கும். மஞ்சள் என்றால் விழிப்பு, செம்மஞ்சள் என்றால் ஆயத்தம், சிவப்பு என்றால் வெளியேறுதல். திகதியைக் கட்டாயம் பாருங்கள். போன வருட எச்சரிக்கை இந்த வருட மழையிலும் சுற்றி வரும். ஐயமிருந்தால் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117ஐ அழையுங்கள், அல்லது கிராம உத்தியோகத்தரைக் கேளுங்கள்.

ஆனால் சுவரிலோ நிலத்திலோ புதிய வெடிப்பு, சாயும் மரங்கள், திடீரென்று கலங்கிவரும் ஊற்றுநீர் இவற்றில் எதைக் கண்டாலும் கைத்தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிராதீர்கள். பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு கிளம்புங்கள்.