டீசல் பம்ப் எங்கே இருக்கு?

2023 டிசம்பர் 4, மிக்ஜாம் புயல். ராயபுரத்தில் கஸ்டம்ஸ் ஏஜென்டாக இருக்கும் நண்பர் போன் செய்தார். "தண்ணி வாசப்படியைத் தாண்டிடுச்சுப்பா, கரண்ட் இல்ல, யூபிஎஸ் கத்திக்கிட்டே இருக்கு. சர்வரை என்ன பண்றது?"

கன்டெய்னர் விவரங்களைக் காட்டும் அவரோட வலைதளமும் டேட்டாபேஸும் அந்த ஒரே பெட்டியில்தான் ஓடின. தரைத்தளத்தில், மேசைக்கு அடியில். அமைத்துக் கொடுத்தது நான்தான்.

"பிளக்கைப் பிடுங்காதீங்க. பவர் பட்டனை ஒரே ஒரு தடவை அழுத்திட்டுக் காத்திருங்க" என்றேன். டேட்டாபேஸ் ஒவ்வொரு மாற்றத்தையும் முதலில் ஒரு லாக்கில் குறித்துக்கொள்ளும், உரிய ஃபைலில் பிறகுதான் எழுதும். திடீரென்று நின்றால், மறுபடி எழும்போது லாக்கைப் படித்து விட்டதைச் சரிசெய்யும். ஆனால் சில மலிவான டிஸ்க்குகள் எழுதுவதற்கு முன்பே "எழுதிட்டேன்" என்று பொய் சொல்லும். அப்போது லாக்கையும் நம்ப முடியாது.

பெட்டி மாடிக்குப் போனது, பிழைத்தது. அதற்குப் பிறகுதான் பேக்கப்பைத் திறந்து பார்த்தேன். ஆகஸ்டிலிருந்து எல்லா ஃபைலும் பூஜ்யம் பைட்! டிஸ்க் நிரம்பியிருக்கிறது. என் ஸ்க்ரிப்ட் ஃபைல் இருக்கிறதா என்று மட்டும்தான் பார்த்தது, உள்ளே ஏதாவது இருக்கிறதா என்று பார்க்கவில்லை. இன்னும் ஒரு அடி தண்ணீர் ஏறியிருந்தால் நாலு மாதக் கணக்கு போயிருக்கும். நண்பரிடம் இதைச் சொல்ல எனக்கு ஒரு வாரம் ஆச்சு.

பெரிய இடங்களிலும் இப்படி நடக்கும். 2012-ல் சாண்டி புயலின்போது நியூயார்க், 75 பிராட் ஸ்ட்ரீட் டேட்டா சென்டரில் ஜெனரேட்டர் 17-வது மாடியில் பத்திரமாகத்தான் இருந்தது. டீசலை மேலேற்றும் பம்ப் அடித்தளத்தில் மூழ்கிவிட்டது. ஸ்கொயர்ஸ்பேஸ், ஃபாக் க்ரீக் ஊழியர்கள் படிக்கட்டில் வரிசையாக நின்று வாளி வாளியாக டீசலை மேலே ஏற்றினார்கள். 2015 வெள்ளத்தில் டிசம்பர் 2 அன்று 'தி இந்து' சென்னைப் பதிப்பு வரவில்லை. மறைமலை நகர் அச்சகத்துக்கு ஊழியர்கள் போய்ச் சேர முடியாததுதான் காரணம்.

இப்போது மும்பையில் ஒரு ரெப்ளிகா ஓடுகிறது. ஆனால் ரெப்ளிகா பேக்கப் ஆகாது. இங்கே யாராவது தவறுதலாக ஒரு டேபிளை அழித்தால் அடுத்த நொடி அங்கேயும் அழியும். அதனால் மாதம் ஒருமுறை அந்த வார பேக்கப்பை என் லேப்டாப்பில் ரீஸ்டோர் செய்து, கடைசி கன்டெய்னர் எண்ணை நண்பரிடம் போனில் சரிபார்க்கிறேன். போன தடவை 40 நிமிஷம் பிடிச்சது.