உறுதி விலை போன பின்: மொரீசியஸ் சர்க்கரையும் ஐரோப்பியச் சந்தையும்

உலகில் ஓராண்டில் விளையும் ஏறத்தாழ 18 கோடி டன் சர்க்கரையில் மூன்றில் ஒரு பங்கே நாட்டு எல்லைகளைக் கடக்கிறது. எஞ்சியது விளைந்த நாட்டிலேயே, பெரும்பாலும் அந்தந்த அரசு காத்துத் தரும் விலையில், விற்றுத் தீர்ந்துவிடுகிறது. நியூயார்க் சந்தையில் நிர்ணயமாகும் கச்சாச் சர்க்கரை விலையை ‘உலக விலை’ என்று அழைப்பது வழக்கம் எனினும், உள்நாட்டுத் தேவையும் தனி உடன்படிக்கைகளும் போக மிஞ்சிய சரக்குக்குக் கிடைக்கும் விலையே அது. ஆதலால் பல ஆண்டுகளில் அது உற்பத்திச் செலவுக்கும் கீழே கிடந்திருக்கிறது. இந்த விலையிலிருந்து முப்பது ஆண்டுகளுக்கு மேல் காக்கப்பட்டு, பின்னர் சில ஆண்டுகளுக்குள் அதன் முன்னே நிறுத்தப்பட்ட நாடு மொரீசியஸ்.

அத்தீவின் குடியமைப்பே கரும்பால் உருவானது. 1810இல் தீவைக் கைப்பற்றிய பிரிட்டன், 1825இல் மேற்கிந்தியத் தீவுகளின் சர்க்கரைக்கு இணையான சுங்கவரியை மொரீசியஸ் சர்க்கரைக்கும் அளித்ததும், தீவின் விளைநிலமெல்லாம் கரும்புக்குத் திரும்பியது. 1835இல் அடிமைமுறை ஒழிந்தபோது ஏற்பட்ட ஆள் தேவையை ஈடுசெய்ய, ஒப்பந்தக் கூலிகளாக இந்தியர் கொண்டுவரப்பட்டனர்; 1834 முதல் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் வரை வந்திறங்கிய சுமார் நாலரை இலட்சம் பேரில் பெரும்பாலோர் பீகார்ப் பகுதியினர் என்றாலும், சென்னைத் துறைமுகம் வழியே சென்ற தமிழரும் தெலுங்கரும் கணிசமானோர். அந்நாட்டு ரூபாய்த் தாளில் இன்றும் தமிழ் எழுத்து இடம்பெறுவதற்கு இதுவே காரணம்.

பிரிட்டன் 1973இல் ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தில் சேர்ந்தபோது, பிரான்சிலும் ஜெர்மனியிலும் சர்க்கரைக் கிழங்கு பயிரிட்டவர்களுக்கென அமைக்கப்பட்டிருந்த காப்பு விலைச் சந்தைக்குள் பழைய குடியேற்ற நாடுகளின் கரும்புச் சர்க்கரைக்கும் இடம் தேட வேண்டியதாயிற்று. 1975இன் லோமே உடன்படிக்கையோடு இணைந்த ‘சர்க்கரை நெறிமுறை’ அந்த இடத்தை அளித்தது. ஆண்டுக்குச் சுமார் 13 இலட்சம் டன் கரும்புச் சர்க்கரையை உறுதி விலைக்கு வாங்குவதாகவும், இதற்குக் காலவரையறை இல்லை என்றும் ஐரோப்பா ஒப்புக்கொண்டது. அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மொரீசியசுக்குக் கிடைத்தது. 2000களின் தொடக்கத்தில் கச்சாச் சர்க்கரைக்கு டன்னுக்கு ஏறத்தாழ 524 யூரோ தரப்பட்டது. அன்றைய உலக விலையைப்போல் அது இரண்டு மூன்று மடங்கு. தீவின் பள்ளிகளும் மருத்துவமனைகளும் ஆடைத் தொழிலும் வளர்ந்ததில் இந்த வருவாய்க்குப் பெரும் பங்கு உண்டு.

ஆயினும் இந்த ஏற்பாட்டில் ஒரு குறை இருந்தது. மொரீசியஸ் அனுப்பியது பெரும்பாலும் கச்சாச் சர்க்கரை, அதாவது பாகு படிந்த பழுப்புப் படிகம். அதைக் கரைத்து, வடிகட்டி, மீண்டும் படிகமாக்கி வெள்ளையாக்கும் வேலையும் அதன் ஆதாயமும் தேம்ஸ் ஆற்றங்கரை ஆலைகளுக்கே சேர்ந்தன. நூற்றாண்டுக் கணக்கில் சர்க்கரை விளைவித்த நாடு, கடைக்கு வரும் வெள்ளைச் சர்க்கரையைத் தன் பெயரில் விற்காமலே இருந்தது.

இந்த ஏற்பாட்டின் முடிவு வேறு நாடுகள் தொடுத்த ஒரு வழக்கின் மூலம் வந்தது. தனக்கு மிஞ்சிய சர்க்கரையை மானியத்தோடு உலகச் சந்தையில் கொட்டிய ஐரோப்பாவின் மீது பிரேசில், ஆஸ்திரேலியா, தாய்லாந்து ஆகியவை உலக வர்த்தக அமைப்பில் தொடுத்த வழக்கில், 2005 ஏப்ரலில் மேல்முறையீட்டு அமர்வு ஐரோப்பாவுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. வழக்குத் தொடுத்தவர்களின் முறையீடு நியாயமானதே. மானியச் சர்க்கரை பிற நாட்டு உழவர்களின் விலையைக் கெடுத்தது உண்மை. ஆனால் 2006இல் ஐரோப்பா தன் விலையை நான்காண்டுகளில் 36 விழுக்காடு குறைக்க முடிவுசெய்தபோது, அதன் சொந்தக் கிழங்கு உழவர்களுக்கு இழப்பின் பெரும்பகுதி நேரடியாக ஈடுசெய்யப்பட, வழக்கில் குற்றஞ்சாட்டப்படாத தீவு நாடுகளுக்குத் திட்ட உதவி என்ற பெயரில் அதனினும் சுருங்கிய தொகையே கிட்டியது. இது அநீதி என்று சொல்வதில் தயக்கம் வேண்டியதில்லை. காலவரையறை இல்லாத நெறிமுறையும், 2007இல் ஐரோப்பா கொடுத்த அறிவிப்பின்படி 2009இல் முடிவுக்கு வந்தது. கரீபியன் தீவான செயின்ட் கிட்ஸ், 2005லேயே தன் சர்க்கரைத் தொழிலை மூடியிருந்தது.

மொரீசியஸ் மூடவில்லை. பணமும் வீட்டுமனையும் தந்து தொழிலாளர் பலரை விருப்ப ஓய்வில் அனுப்பியது. பல ஆலைகளை இணைத்து இன்று மூன்றாகக் குறைத்தது. சுத்திகரிப்பு ஆலைகளைத் தன் மண்ணிலேயே நிறுவி வெள்ளைச் சர்க்கரையை ஏற்றுமதி செய்தது. டெமராரா, மஸ்கோவாடோ போன்ற, பாகின் மணம் நீங்காத சிறப்புச் சர்க்கரை வகைகளுக்கு ஐரோப்பாவில் தனி வாடிக்கை தேடியது. எனினும் 2017 செப்டம்பர் இறுதியில் ஐரோப்பா தன் உள்நாட்டு உற்பத்தி ஒதுக்கீட்டையும் நீக்கியதும், அங்கே கிழங்குச் சர்க்கரை பெருகி விலை மீண்டும் சரிந்தது. ஒருகாலத்தில் ஆண்டுக்கு ஐந்து இலட்சம் டன்னைத் தாண்டிய தீவின் உற்பத்தி இப்போது அதில் பாதியளவே. இயந்திரம் ஏற முடியாத கல் நிலங்களில் கரும்பு நட்டிருந்த சிறு உழவர் பலர் நிலத்தைத் தரிசாக விட்டுவிட்டனர். கரும்புச் சக்கையை எரித்து ஆலைகள் மின்சாரம் விற்பதால், சக்கைக்கும் உரிய விலை வேண்டும் என்று எஞ்சியவர்கள் அரசிடம் தொடர்ந்து கேட்டுவந்திருக்கிறார்கள்.