வழக்குக்கு முன் தேதியைப் பாருங்கள்

கடன் கொடுத்தவரிடம் புரோநோட்டு பத்திரமாக இருக்கிறது. ரெவின்யூ ஸ்டாம்பு, அதன்மேல் கையெழுத்து, சாட்சி எதிலும் குறையில்லை. பணம் வாங்கியதை எதிராளியும் மறுக்கவில்லை. ஆனாலும் வழக்கு தள்ளுபடி ஆகிறது. நோட்டு எழுதி மூன்று வருஷம் தாண்டிவிட்டது, அவ்வளவுதான் காரணம். கேட்கும்போது தருவதாக எழுதிய நோட்டுக்கு 1963-ஆம் ஆண்டுக் காலவரையறைச் சட்டம் கொடுக்கும் கெடு அது. எதிராளி அதைச் சுட்டிக்காட்ட மறந்தாலும், கெடு தாண்டிய வழக்கை நீதிபதியே தள்ளியாக வேண்டும்.

ஊர்ப்பக்கத்தில் வட்டிக்குக் கொடுப்பவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். மூன்று வருஷம் முடிவதற்குள் கடன்காரரைக் கூப்பிட்டு, ஐந்நூறோ ஆயிரமோ வாங்கிக்கொண்டு, நோட்டின் பின்பக்கம் தேதி போட்டு வரவு வைத்து, அவரிடமே கையெழுத்து வாங்கிவிடுவார்கள். அந்தத் தேதியிலிருந்து மூன்று வருஷம் புதிதாக ஓடத் தொடங்கும். கெடு முடிந்தபிறகு வைக்கும் வரவுக்கு அந்தப் பலன் கிடையாது. கடன்காரர் கையெழுத்தில்லாமல், கொடுத்தவரே எழுதிக்கொள்ளும் வரவும் நிற்காது.

வக்கீலைத் தேடி வருபவர் கேட்கும் முதல் கேள்வி 'ஜெயிக்குமா சார்?' என்பது. அனுபவமுள்ள வக்கீல் அதற்குப் பதில் சொல்லாமல், 'தேதி என்ன?' என்று திருப்பிக் கேட்பார். நமக்கு வக்கீல் தேவையா என்பதையும் பெரும்பாலும் அந்தக் கேள்வியை வைத்தே முடிவு செய்துவிடலாம்.

செக் திரும்பினால்

கெடு எவ்வளவு இறுக்கமானது என்பதைப் பார்க்க, திரும்பி வந்த செக்கைவிட நல்ல உதாரணம் இல்லை. மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138-ஆவது பிரிவின்படி, பணமில்லாமல் செக் திரும்பினால் கொடுத்தவருக்கு இரண்டு வருஷம்வரை சிறையோ, செக் தொகையைப்போல் இரு மடங்குவரை அபராதமோ, இரண்டுமோ கிடைக்கலாம். ஆனால் அந்த இடத்துக்குப் போய்ச் சேர மூன்று படிகள் உண்டு.

செக் திரும்பிய தகவல் மார்ச் 10 அன்று பாங்கிலிருந்து உங்களுக்கு வந்ததாக வைத்துக்கொள்வோம். அன்றிலிருந்து 30 நாளுக்குள், அதாவது ஏப்ரல் 9-க்குள், பணத்தைக் கேட்டு எழுத்தில் நோட்டீஸ் அனுப்பவேண்டும். அது ஏப்ரல் 12 அன்று அவர் கைக்குப் போனால், பணம் கட்ட அவருக்கு 15 நாள், ஏப்ரல் 27 வரை உண்டு. அதற்குள் கட்டாவிட்டால் மறுநாள் வழக்குக்கான உரிமை பிறக்கிறது. அதிலிருந்து ஒரு மாதத்துக்குள், மே 28-க்குள், மாஜிஸ்திரேட் கோர்ட்டில் புகார் தாக்கலாகவேண்டும்.

கடைசிப் படியில் தாமதமானால், தகுந்த காரணம் காட்டி மன்னிக்கச் சொல்லிக் கேட்கலாம். நோட்டீசுக்கான 30 நாளுக்கு அந்தச் சலுகை இல்லை. 'அடுத்த வாரம் தந்துடறேன், பொறுங்க' என்று எதிராளி போனில் இழுத்தடிக்கும் நாட்களும் அதே 30-இல்தான் கழிகின்றன. நோட்டீசில் செக் எண்ணோ தொகையோ பிசகினால் அதைப் பிடித்துக்கொண்டே வழக்கை உடைக்கப் பார்ப்பார்கள். ஆகவே பாங்கு மெமோ கைக்கு வந்த வாரத்திலேயே வக்கீல் அலுவலகம் போய்விடுவது நல்லது.

சம்மன் வந்தால்

சிவில் கோர்ட் சம்மனை வாங்காமல் திருப்பி அனுப்பினால் வழக்கு நகராது என்று நம்புகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். வாங்க மறுத்தாலும் சம்மன் சார்வு ஆனதாகவே கோர்ட் எடுத்துக்கொள்ளும். வாங்கிய நாளிலிருந்து 30 நாளுக்குள் எதிருரை தாக்கல் செய்யவேண்டும். கோர்ட் அனுமதித்தால் 90 நாள்வரை நீளும். உங்கள் தரப்பில் யாரும் ஆஜராகாவிட்டால் எக்ஸ்பார்ட்டி தீர்ப்பு. அதை ரத்து செய்யக் கேட்கவும் 30 நாள்தான். அதையும் தவறவிட்டால், தாமதத்தை மன்னிக்க ஒரு மனு, தீர்ப்பை ரத்து செய்ய ஒரு மனு என்று செலவு ஏறும். சம்மனுக்கு வக்கீல் வேண்டுமா என்று யோசிக்கவே வேண்டாம்.

போலீஸ் என்றால்

புகார் கொடுக்க வக்கீல் தேவையில்லை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின்படி, குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் எந்த ஸ்டேஷனிலும் தகவல் கொடுக்கலாம். எஃப்.ஐ.ஆர். நகல் இலவசம். தமிழ்நாட்டு ஸ்டேஷன்களில் முதலில் சி.எஸ்.ஆர். ரசீது தருவது வழக்கம். அது புகார் வந்ததற்கான அத்தாட்சி மட்டுமே, எஃப்.ஐ.ஆர். ஆகாது. பதிவு செய்ய மறுத்தால் புகாரை எஸ்.பி.க்குத் தபாலில் அனுப்பலாம். அங்கும் பலிக்காவிட்டால் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம். வக்கீல் தேவைப்படுவது இந்தக் கட்டத்தில்தான்.

உங்கள்மீதே புகார் என்றால் கதை வேறு. விசாரணைக்கு வரச்சொல்லி எழுத்தில் நோட்டீஸ் வந்ததும், ஸ்டேஷனுக்குப் புறப்படுமுன் வக்கீலிடம் பேசிவிடுங்கள். கைது செய்தால் காரணத்தைச் சொல்லவேண்டும், பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட்முன் நிறுத்தவேண்டும், விரும்பிய வக்கீலைக் கலந்துகொள்ள விடவேண்டும். அரசமைப்புச் சட்டத்தின் 22-ஆவது பிரிவு தரும் உரிமைகள் இவை.

இடம் வாங்கும்போது

இங்கே கெடு என்பது கையெழுத்துக்கு முந்தைய நாள். பலரும் ஈ.சி. போட்டுப் பார்த்து வில்லங்கம் இல்லை என்று வந்ததும் அட்வான்ஸ் கொடுத்துவிடுகிறார்கள். ஈ.சி.யில் தெரிவது நீங்கள் கேட்ட காலத்துக்குள் அந்தச் சொத்தின்மீது பதிவான பத்திரங்கள் மட்டுமே. வாய்வழிப் பாகப்பிரிவினை அதில் வராது. உயில்களைத் தனிப் புத்தகத்தில் பதிவதால், பதிவு செய்த உயில்கூட வராது. விற்பவரின் அக்காளுக்கோ தங்கைக்கோ பூர்விகச் சொத்தில் உள்ள பங்கும் வராது. இந்துக் கூட்டுக் குடும்பத்தில் மகளுக்குப் பிறப்பாலேயே மகனுக்குச் சமமான பங்கு உண்டு என்று 2005-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்கு 2020-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகவே பொருள் சொல்லிவிட்டது. மூலப்பத்திரத்திலிருந்து வரிசையாகப் படித்து, யார் கையெழுத்து விடுபட்டிருக்கிறது என்று கண்டுபிடிப்பது வக்கீலின் வேலை. பத்திர எழுத்தர் ஆவணத்தை நன்றாக எழுதித் தருவார். அந்தக் கையெழுத்தைத் தேடிப் பார்ப்பது அவர் பொறுப்பில் இல்லை.

வக்கீல் இல்லாமலும் முடியும்

ஓடாத பிரிட்ஜ், ஏமாற்றிய டிராவல்ஸ் போன்ற புகார்களுக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் நீங்களே வாதாடலாம். கொடுத்த விலை ஐந்து லட்சம்வரை என்றால் புகாருக்குக் கட்டணமும் இல்லை. வசிக்கும் ஊரிலேயே தாக்கல் செய்யலாம். கெடு இரண்டு வருஷம். கையில் பில்லும், கடைக்காரருக்கு எழுதியதற்கான சான்றும் இருக்கவேண்டும்.

பணமில்லாததால் வக்கீல் வைக்க முடியவில்லை என்றால் 15100-க்குப் போன் செய்யலாம், அல்லது கோர்ட் வளாகத்தில் உள்ள சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுக்கலாம். 1987-ஆம் ஆண்டுச் சட்டப்படி பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், காவலில் இருப்பவர்கள் ஆகியோருக்கு வருமானத்தைப் பார்க்காமலேயே இலவச வக்கீல் உண்டு. அங்கு நடக்கும் மக்கள் நீதிமன்றத்தில் இரு தரப்பும் சமாதானமானால், கட்டிய கோர்ட் கட்டணம் திரும்பக் கிடைக்கும். அந்த முடிவுக்கு அப்பீல் இல்லை என்பதால் தொகையை நன்றாக யோசித்தபிறகே கையெழுத்துப் போடவேண்டும்.

வக்காலத்து போடுமுன்

வெற்று வக்காலத்திலோ வெள்ளைத்தாளிலோ கையெழுத்து வேண்டாம். பீஸ் எவ்வளவு, எந்தக் கட்டத்தில் எவ்வளவு என்று முதலிலேயே பேசிவிடுங்கள். கிடைக்கும் தொகையில் இத்தனை சதவீதம் என்று பேசுவதை பார் கவுன்சில் விதிகள் தடைசெய்கின்றன. வக்கீலை மாற்ற உங்களுக்கு உரிமை உண்டு. பீஸ் பாக்கி இருந்தாலும் கட்சிக்காரரின் கட்டைப் பிடித்துவைக்க முடியாது என்று 2000-ஆம் ஆண்டிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆனால் வக்கீலின் வேலையில் குறை என்று நுகர்வோர் ஆணையத்துக்குப் போகமுடியாது. 2024-இல் அந்தக் கதவை உச்ச நீதிமன்றம் மூடிவிட்டது. தொழில் ஒழுக்கம் தவறினால் பார் கவுன்சிலில்தான் புகார் செய்யவேண்டும்.

முதல் சந்திப்புக்குப் போகும்போது ஒரிஜினலோடு ஜெராக்சும் எடுத்துச் செல்லுங்கள். ஒரிஜினலைக் கொடுத்தால் எழுதி வாங்குங்கள். என்ன நடந்தது, எந்தத் தேதியில் நடந்தது என்று வரிசையாக ஒரே தாளில் எழுதிக்கொண்டு போங்கள். அதைப் படித்துவிட்டு, இன்னும் எத்தனை நாள் பாக்கி இருக்கிறது என்று முதலில் எண்ணிச் சொல்லி, அப்புறம் பீஸ் பேசுகிறவரிடம் வழக்கைக் கொடுக்கலாம்.