ஒன்பது விசாரிப்புகள்

நாகர்கோவிலைச் சுற்றியுள்ள ஏதோ ஒரு கல்லூரியின் பெண்கள் விடுதி என்று வைத்துக்கொள்வோம். இரவு பதினொன்றரை மணி. அறைத்தோழி வந்து வார்டனின் கதவைத் தட்டுகிறாள். "மிஸ், அவ ஒரு மாதிரி பேசுதா. இனி இருந்து என்னத்துக்குன்னு கேக்கா."

அதன்பின் நடப்பது பெரும்பாலும் ஒரே மாதிரிதான். அப்பாவுக்குப் போன் போகும். விடிந்ததும் அவர் கருங்கலிலிருந்தோ குளச்சலிலிருந்தோ முகம் வெளுத்து வந்து நிற்பார். அலுவலகத்தில் ஒரு கடிதத்தில் கையெழுத்து வாங்குவார்கள். "வீட்டுல வச்சுப் பாத்துக்கிடுங்க, சரியானப்புறம் வரட்டும்" என்பார்கள். மத்தியானத்துக்குள் மகள் பெட்டியோடு வடசேரி பஸ் ஸ்டாண்டில் இருப்பாள். கல்லூரி மூச்சு விடும்.

யாரும் கெட்ட எண்ணத்தில் இதைச் செய்வதில்லை. பயம்தான் காரணம். நம் பொறுப்பில் இருக்கும்போது ஏதாவது ஆகிவிட்டால் என்ற பயம். ஆனால் மனநல ஆய்வுகள் கடந்த ஐம்பது ஆண்டுகளில் கண்டுபிடித்தவற்றை வைத்துப் பார்த்தால், அந்த இரவைக் கடப்பது வேலையின் சிறு பகுதிதான். பெரும்பகுதி அதற்குப் பிறகு வரும் மாதங்களில் இருக்கிறது. அந்த மாதங்களில்தான் கல்லூரி கையை எடுத்துவிடுகிறது.

முதலில் நெருக்கடியின் இயல்பைப் பார்ப்போம். தற்கொலை குறித்த ஆய்வைத் தனித் துறையாகவே வளர்த்த அமெரிக்க உளவியலாளர் எட்வின் ஷ்னீட்மேன், அந்த நேரத்தில் மனம் சுருங்கிப்போகிறது என்று விளக்கினார். பத்து வழிகள் இருந்தாலும் கண்ணுக்கு ஒன்றே ஒன்றுதான் தெரியும். சாக வேண்டும் என்பதும் யாராவது தடுக்க வேண்டும் என்பதும் ஒரே மனத்தில் ஒரே நேரத்தில் இருக்கும். அதைவிட முக்கியமானது, அந்த உச்சம் நீடிப்பதில்லை. சில மணி நேரம், சில வேளை சில நாட்கள், பிறகு இறங்கும். ரிச்சர்ட் சைடன் என்ற ஆய்வாளர், சான்பிரான்சிஸ்கோவில் கடைசி நொடியில் தடுத்து நிறுத்தப்பட்ட 515 பேர் பிறகு என்ன ஆனார்கள் என்று பின்தொடர்ந்து 1978இல் எழுதினார். பல ஆண்டுகளுக்குப் பிறகும் பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்டவர்கள் உயிரோடு இருந்தார்கள், அல்லது இயற்கையாக இறந்திருந்தார்கள். தடுத்தால் வேறு வழி தேடிக்கொள்வார்கள் என்ற பழைய நம்பிக்கை அங்கே உடைந்தது.

உச்சம் இறங்கிய பிறகு என்ன செய்வது? இந்தக் கேள்விக்கு உலகம் திரும்பிப் பார்த்த பதில் ஒன்று நம் பக்கத்திலிருந்தும் வந்தது. உலக சுகாதார நிறுவனம் ஐந்து ஊர்களில் ஓர் ஆய்வு நடத்தியது. பிரேசிலின் கம்பினாஸ், ஈரானின் கராஜ், சீனாவின் யுன்செங், நம் சென்னை, கடலுக்கு அப்பால் கொழும்பு. தற்கொலைக்கு முயன்று அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வந்த 1,867 பேர் அதில் சேர்ந்தார்கள். ஒரு பாதிப் பேருக்கு வழக்கமான சிகிச்சை மட்டும். இன்னொரு பாதிக்கு அதோடு, வீட்டுக்குப் போகும் முன் ஒரு மணி நேரப் பேச்சு. பிறகு ஒன்பது முறை போனிலோ நேரிலோ விசாரிப்பு. எப்படி இருக்கிறீர்கள், மனம் எப்படி இருக்கிறது, ஏதாவது உதவி வேண்டுமா, அவ்வளவுதான். 1, 2, 4, 7, 11ஆம் வாரங்களில் ஐந்து. 4, 6, 12, 18ஆம் மாதங்களில் நான்கு.

முடிவு 2008இல் வெளியானது. வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 2.2 சதவீதம் பேர் பதினெட்டு மாதங்களுக்குள் தற்கொலையால் இறந்திருந்தார்கள். விசாரிக்கப்பட்டவர்களில் 0.2 சதவீதம். புது மருந்து இல்லை, விலையுயர்ந்த கருவி இல்லை. பயிற்சி பெற்ற ஒருவர் சொன்ன நாளில் கூப்பிட்டார். சென்னைப் பகுதி ஆய்வில் முன்னின்றவர் மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார், 1986இல் 'ஸ்நேகா' என்ற தற்கொலைத் தடுப்பு அமைப்பைத் தொடங்கியவர். அதன்பின் வேறு இடங்களில் நடந்த ஆய்வுகள் எல்லாமே இதே அளவு பலனைக் காட்டவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஆனாலும் இந்த எண்களைப் படித்த அன்று எனக்கு ஏற்பட்ட வியப்பு இன்னும் குறையவில்லை.

இதற்கும் முன்னோடி உண்டு. ஜெரோம் மோட்டோ என்ற மருத்துவர், மருத்துவமனையிலிருந்து வெளியேறி மேற்கொண்டு சிகிச்சையே வேண்டாம் என்று சொன்ன 843 பேரை எடுத்துக்கொண்டார். பாதிப் பேருக்கு வருடத்துக்குச் சில முறை, ஐந்து வருடம், இரண்டு மூன்று வரிக் கடிதம். பதில் போட வேண்டும் என்று கட்டாயம் இல்லை, சிகிச்சைக்கு வா என்ற வற்புறுத்தல் இல்லை. முதல் இரண்டு ஆண்டுகளில் கடிதம் பெற்றவர்களிடம் தற்கொலை மரணங்கள் தெளிவாகக் குறைந்திருந்தன.

நம் மாணவி வீட்டில் என்ன நிலையில் இருப்பாள் என்று இப்போது யோசியுங்கள். மருத்துவமனையிலிருந்து வெளியேறிய முதல் வாரமும் முதல் மூன்று மாதமும்தான் ஆபத்து மிகுந்த காலம் என்று பல நாட்டு ஆய்வுகள் சொல்கின்றன. அதுபோன்ற காலத்தில்தான் அவளுக்குத் தோழிகள் இல்லை, வகுப்பு இல்லை, ஆசிரியர் இல்லை. 2011 கணக்கெடுப்பில் 91.75 சதவீத எழுத்தறிவோடு தமிழ்நாட்டில் முதலிடம் பிடித்தது நாகர்கோவில் இருக்கும் இந்த மாவட்டம். படிப்புதான் இங்கே குடும்ப மானம். அப்பா வளைகுடாவில் உழைத்து அனுப்பிய பணம், நகை அடகு வைத்துக் கட்டிய பீஸ். வந்துபோகும் சொந்தக்காரர்கள் பாசத்தோடுதான் கேட்பார்கள், "என்ன மக்ளே, காலேஜ் இல்லியா?" அவளுக்கு ஒவ்வொரு தடவையும் நெஞ்சு வெப்ராளப்படும்.

கூடவே வருகைப்பதிவு. 75 சதவீதம் இல்லையென்றால் தேர்வு எழுதுவது சிக்கல். மருத்துவச் சான்றிதழ் கொடுத்தாலும் சலுகைக்கு ஓர் எல்லை உண்டு. மூன்று வாரம் வீட்டில் இருந்தவள் செமஸ்டரையே இழக்கக்கூடும் என்றால், ஓய்வே புது நெருக்கடியாகிறது. இது நம் ஊர்ச் சிக்கல் மட்டும் அல்ல. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில், மனநெருக்கடியில் இருப்பவர்களைப் படிப்பிலிருந்து விலகச் சொல்லி அழுத்தம் தருகிறார்கள் என்று மாணவர்கள் 2022இல் வழக்குத் தொடுத்தார்கள். 2023இல் சமரசம் ஏற்பட்டது. விடுப்பில் போனாலும் மருத்துவக் காப்பீட்டைத் தொடரவும், தேவைப்பட்டால் பாடச் சுமையைக் குறைத்துக்கொண்டு படிக்கவும் வழி செய்தார்கள். தமிழ்நாட்டிலும் முன்மாதிரி இருக்கிறது. பள்ளித் தேர்வில் தோற்றவர் ஒரு வருடம் காத்திருக்காமல் உடனே மறுபடி எழுத இங்கே துணைத்தேர்வு வந்தது. ஸ்நேகா அதற்காகக் குரல் கொடுத்தது. விதி ஒன்றைத் தளர்த்துவதும் உயிர் காக்கும் சிகிச்சைதான்.

அறைத்தோழிக்கு வருகிறேன். "சாகணும்னு தோணுதா?" என்று நேராகக் கேட்க எல்லோருக்கும் தயக்கம். கேட்டால் இல்லாத எண்ணத்தைக் கிளப்பிவிடுவோமோ என்று. நியூயார்க் மாநிலத்தின் ஆறு உயர்நிலைப் பள்ளிகளில் 2,342 மாணவர்களிடம் இதைச் சோதித்து 2005இல் வெளியிட்டார்கள். கேட்டதால் எண்ணம் கூடியதாகத் தெரியவில்லை. ஏற்கெனவே மனம் சோர்ந்திருந்தவர்களுக்குக் கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்தது. விடுதியில் இருக்கும் எல்லாப் பிள்ளைகளுக்கும், சமையல் அக்காவுக்கும் வாட்ச்மேனுக்கும் இதைச் சொல்லிக்கொடுக்கலாம். கவுன்சலருக்கு முன்னால் விஷயம் அவர்கள் காதுக்குத்தான் வருகிறது.

போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்ற அச்சம் இன்னொரு சுவர். அதனால்தான் பல குடும்பங்கள் ஆஸ்பத்திரியில் காரணத்தை மறைக்கின்றன. சரியான சிகிச்சை தவறிப்போகிறது. 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115ஆம் பிரிவு, முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கருதச் சொல்கிறது. அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் அளிப்பது அரசின் கடமை என்கிறது. தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய பழைய 309ஆம் பிரிவு 2024 ஜூலையில் வந்த புதிய குற்றவியல் சட்டத்தில் இடம்பெறவே இல்லை. இதை ஒவ்வொரு கல்லூரி அலுவலகத்துக்கும் யாராவது போய்ச் சொல்ல வேண்டும்.

2022இல் மட்டும் நாட்டில் 13,044 மாணவர்கள் தற்கொலையால் இறந்ததாகத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் பதிவு செய்தது. 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம், 100 மாணவர்களோ அதற்கு மேலோ உள்ள எல்லாக் கல்வி நிறுவனங்களும் தகுதியுள்ள ஓர் ஆலோசகரையாவது நியமிக்க வேண்டும் என்றது. நெருக்கடியில் என்ன செய்வது என்ற எழுத்துவழி நடைமுறை, ஊழியர்களுக்கு ஆண்டுக்கு இருமுறை பயிற்சி, விடுதியிலும் வகுப்பறையிலும் பெரிய எழுத்தில் உதவி எண் என்றெல்லாம் பட்டியலிட்டது. அந்த எண் 14416. 'நட்புடன் உங்களோடு' என்ற பெயரில் நம் மாநிலத்தில் இயங்குகிறது, கூப்பிடக் காசு இல்லை, எந்நேரமும் தமிழில் பேசலாம். ஆசாரிப்பள்ளத்தில் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. இந்த மாவட்டத்தில் எந்த விடுதியிலிருந்தும் ஓரிரு மணி நேரத்தில் ஒரு பெரிய அரசு மருத்துவமனைக்குப் போய்விடலாம். எல்லா மாவட்டத்துக்கும் கிடைக்காத வசதி இது.

இல்லாதது அந்த ஒன்பது விசாரிப்புகள். பதினெட்டு மாதம் என்றால் மூன்று செமஸ்டர். அதற்குள் வார்டன் மாறுவார், ஒப்பந்தத்தில் வந்த கவுன்சலர் வேறு வேலைக்குப் போவார், மாணவி வகுப்பு மாறுவாள். ஒருவரது நல்ல மனத்தை மட்டும் நம்பினால் நான்காம் மாதத்தில் தொடர்பு அறுந்துவிடும். ஒரு நாள் வகுப்புக்கு வராவிட்டால் வீட்டுக்குக் குறுஞ்செய்தி அனுப்பக் கல்லூரிகளுக்குத் தெரியும். பீஸ் பாக்கியைத் தேதி தவறாமல் நினைவூட்டவும் தெரியும். பின்தொடரும் திறமை இருக்கிறது. அதை மாணவியின் சம்மதத்தோடு, ரகசியம் காத்து, இதற்கும் திருப்ப வேண்டும். நீதிமன்றம் கேட்ட எழுத்துவழி நடைமுறையைத் தயாரிக்கும் கல்லூரிகள், முதல் வாரத்திலிருந்து பதினெட்டாம் மாதம்வரை எந்தத் தேதியில் யார் கூப்பிடுவார், அவர் இல்லாவிட்டால் யார் என்பதையும் அதில் எழுதட்டும்.