மணி ஒலித்தால் யார் வருவார்?

ஜொகூர் மாநிலத்தின் குளுவாங் மாவட்டத்தில் உள்ள சிறு நகரம் பாலோ. கிம்மாசிலிருந்து ஜொகூர் பாருவுக்குச் செல்லும் இரயில் பாதை இவ்வூர் வழியாகச் செல்கிறது. சுற்றிலும் செம்பனைத் தோட்டங்கள். இத்தகைய ஊர்களில் பிள்ளைகள் வேலை தேடிப் பெருநகரங்களுக்குச் சென்றுவிட, முதியோர் மட்டும் வாழும் வீடுகள் உண்டு. தீபாவளிக்கோ உறவினர் திருமணத்திற்கோ அவர்களும் புறப்பட்டுவிட்டால் வீடு சில நாள் பூட்டியே கிடக்கும். அப்போது துணைக்கு இருப்பது திருட்டு எச்சரிக்கைக் கருவிதான்.

ஆனால், அக்கருவி திருடனைத் தடுப்பதில்லை. தடுப்பவை பூட்டும் இரும்புக் கம்பிக் கதவும்தான். கருவியின் வேலை மனிதர்களை அழைப்பது. நியூயார்க்கில் தாதியாகப் பணியாற்றிய மேரி வான் பிரிட்டன் பிரவுன், அழைத்தால் காவலர் வந்து சேர நேரமாகிறதே என்ற கவலையால் தம் கணவருடன் சேர்ந்து ஒரு வீட்டுப் பாதுகாப்பு முறையை வடிவமைத்தார். 1966இல் விண்ணப்பித்து 1969இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். கதவுக்கு வெளியே நிற்பவரைத் திரையில் காட்டிய அம்முறையில், உதவிக்கு அழைக்க ஒரு பொத்தானும் இருந்தது.

இன்றைய கருவியில் கதவுகளிலும் அறைகளிலும் உணர்விகள் இருக்கும். அவை அனுப்பும் செய்தியைக் கட்டுப்பாட்டுப் பெட்டி பெற்று, ஒலிப்பானை முழங்கச் செய்யும். கதவு உணர்வி மிக எளிமையானது. நிலையில் ஒரு சிறு கண்ணாடிக் குழாய். அதனுள் இரண்டு மெல்லிய உலோகத் தகடுகள். கதவில் ஒரு காந்தம். கதவு மூடியிருக்கும்போது காந்தத்தின் ஈர்ப்பால் தகடுகள் ஒட்டியிருக்கும், மின்சாரம் ஓடும். கதவு திறந்தால் தகடுகள் பிரியும், மின்சுற்று அறுபடும், மணி ஒலிக்கும். திருடன் கம்பியை வெட்டினாலும் மின்சுற்று அறுபடத்தானே செய்யும்? அதனால், அப்போதும் மணி ஒலிக்கும்.

அறை உணர்வி மனித உடலிலிருந்து வெளிப்படும் அகச்சிவப்புக் கதிரை உணர்கிறது. அறையின் ஒரு பகுதியிலிருந்து மறுபகுதிக்கு வெப்பம் நகர்ந்தால் அதற்குத் தெரிந்துவிடும். நேரே நடந்து வருபவரைவிடக் குறுக்கே நடப்பவரை அது எளிதில் கண்டுகொள்ளும். எனவே, அறையின் மூலையில் ஏறத்தாழ 2 மீட்டர் உயரத்தில் பொருத்துவது வழக்கம். நம் நாட்டின் கடும் வெயிலில் பூட்டிய அறையின் வெப்பம் உடல் வெப்பத்தை நெருங்கும்போது இந்த உணர்வி சற்றுத் தடுமாறும் என்பதையும் மறக்கக்கூடாது.

பொருத்துவது அரைநாள் வேலை. உண்மையான தொல்லை பிறகுதான் தொடங்குகிறது: திருடன் வராமலே மணி ஒலிப்பது. முதல் முறை அண்டை வீட்டார் ஓடிவருவர்; இரண்டாம் முறை சன்னலைத் திறந்து பார்ப்பர்; நான்காம் முறை தலையணையால் காதை மூடிக்கொள்வர். ஐந்தாம் முறை திருடனே வந்தாலும் அப்படித்தான். பொய்யாக ஒலிக்கும் மணி, மணியே இல்லாத வீட்டைவிடக் கேடானது. வீட்டார் அதை நம்பிக் கவலையின்றி இருப்பார்கள் அல்லவா?

பொய்யொலி எழுந்தால் எந்தப் பகுதியின் உணர்வி ஒலிக்கச் செய்தது என்பதை முதலில் எண்பலகையில் பார்க்க வேண்டும். வரவேற்பறை என்றால், குற்றவாளி பெரும்பாலும் பல்லிதான்! உணர்வியின் முகப்பில் ஊர்ந்து செல்லும் சிறு பல்லி, அவ்வளவு அருகில் இருப்பதால், அதற்குப் பெரிய உருவமாகத் தெரியும். எறும்புகள் உள்ளே குடியேறுவதும் உண்டு. உணர்வியை மென்துணியால் துடைத்து, கம்பி நுழையும் துளையை அடைத்துவிட்டால் இத்தொல்லை குறையும். சாமி மேடையில் அசைந்தாடும் விளக்குச் சுடர், மின்விசிறிக் காற்றில் ஆடும் திரைச்சீலை, நேராக விழும் வெயில் ஆகியவையும் உணர்வியை ஏமாற்றும். அதன் முகத்தைச் சற்றுத் திருப்பி வைத்தாலே போதும். கதவுப் பகுதி என்றால், மழைக்காலத்தில் மரக்கதவு ஊதியோ கீல் தளர்ந்தோ காந்தம் விலகியிருக்கலாம்.

கட்டுப்பாட்டுப் பெட்டியினுள் வீட்டு மின்சாரம் வருவதால் அதை மாணவர்கள் திறக்கக்கூடாது. அது தொழில்நுட்பரின் வேலை. அதனுள் இருக்கும் 12 வோல்ட் மின்கலம், மின்சாரம் தடைபடும்போது கருவியை இயக்குகிறது. பொதுவாக 3 முதல் 5 ஆண்டுகளில் அதன் ஆற்றல் குன்றிவிடும். பொருத்திய தேதியை அதன்மேல் எழுதி வைப்பது நல்லது. பயணத்திற்குச் சில நாள் முன்பு, அண்டை வீட்டாரிடம் சொல்லிவிட்டு, பெட்டிக்கு வரும் மின்சாரத்தை அரைமணி நேரம் நிறுத்தி, கதவைத் திறந்து மணி ஒலிக்கிறதா எனச் சோதிக்கலாம்.

இச்சோதனை ஏன் தேவை? இடிமின்னல் மிகுந்த நாடு நமது. மாலை நேரத்து இடியில் வீட்டின் மின்துண்டிப்பான் தானாக விழுந்துவிடுவதைப் பலர் கண்டிருப்பர். வீட்டில் ஆள் இருந்தால் உடனே மேலே தள்ளிவிடுவர். ஆள் இல்லாத வீட்டில் மின்கலம் உள்ளவரைதான் கருவி விழித்திருக்கும். பிறகு ஓசையின்றி அணைந்துவிடும். ஆகவே, இருட்டியதும் தானே எரியும் விளக்கொன்றை வாசலில் மாட்டி, எதிர்வீட்டாரிடம் தொலைபேசி எண்ணைக் கொடுத்துச் செல்லலாம். ஓர் இரவு அவ்விளக்கு எரியவில்லை என்றால், உள்ளே கருவிக்கும் மின்சாரம் இல்லை என்பதை அவர்கள் தெருவிலிருந்தே அறிந்து தெரிவித்துவிடுவார்கள்.